தலைவருக்கு மூன்று மனு, செயலாளருக்கு ஒன்றும் இல்லை: ஒரு ஒலிப்பொறியியல் சங்கத் தேர்தலின் நிகழ்வு ஆய்வு

மனு கொடுக்கக் கடைசி நாள். மாலை ஆறு மணி ஆனதும் உறைகளைப் பிரித்து மேசையில் அடுக்கினேன். தலைவர் பதவிக்கு மூன்று மனு. துணைத்தலைவருக்கு ஒன்று, அதுவும் தலைவருக்கு நின்றவர்களில் ஒருவர், கிடைக்காவிட்டால் இதாவது இருக்கட்டும் என்று போட்டது. செயலாளருக்கும் பொருளாளருக்கும் ஒருவரும் இல்லை.

அந்தச் சங்கத்துக்கு ஐந்து வருடம் நான்தான் தலைவர். "யாருமே பொறுப்பெடுக்க வருவதில்லை" என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் புலம்பியவனும் நான்தான். இப்போது மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். ஆனால் புலம்பல் தீரவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. இந்த ஆய்வு, அந்த மாலையிலிருந்து தேர்தல் முடியும்வரை நான்கு மாதங்களில் நடந்ததைப் பற்றியது. சங்கத்தின் பெயரும் ஊரும் இதில் வராது. ஆட்களை அடையாளம் தெரியாமல் வைக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்த வேலை யார் கையில் இருந்தது, யார் கைக்குப் போனது என்பதை மட்டும் மாற்றவில்லை.

மனுக்களில் இருந்தது

முதல் மனு முப்பது வருடமாக ஸ்டூடியோவில் இருக்கும் மூத்த ரெக்கார்டிங் இன்ஜினியருடையது. இரண்டு பக்கம். எந்தெந்த கன்சோலில் வேலை பார்த்தார், எந்த 24 டிராக் டேப் மெஷினைத் தானே சர்வீஸ் செய்தார் என்ற பட்டியல். இரண்டாவது, ஒலிக்கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதியுடையது. சங்கத்தை 'அடுத்த கட்டத்துக்கு' எடுத்துப்போவதாக எழுதியிருந்தார். மூன்றாவது, படிப்பை முடித்து மூன்று வருடமான இளைஞர். போஸ்ட் புரொடக்ஷனில் வசனம் சுத்தம் செய்கிற வேலை. அவருடைய மனு ஒரு பக்கம்தான். அதிலும் பாதி மென்பொருள் பெயர்கள்.

மூன்றையும் இரண்டு தடவை படித்தேன். மாதக் கூட்டம் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. எங்கள் சங்கம் செய்வதெல்லாம் மாதம் ஒரு கூட்டம், வருடத்துக்கு இரண்டு பயிற்சிப் பட்டறை, அவ்வளவுதான். அதை எப்படி நடத்துவேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கோபம் வந்தது. அப்புறம் மனுப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதை அச்சடித்தவன் நான். அதில் இருந்த ஒரே கேள்வி: 'உங்கள் அனுபவத்தைக் குறிப்பிடவும்.' கேட்டதற்குத்தான் பதில் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கடிதம், ஒரு தேதி

இந்த மாதிரிச் சங்கங்களில் பெயர்பெற்றது ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி. அது பிறந்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நாங்கள் எடுத்த முடிவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

1947 டிசம்பரில், ஆடியோ இன்ஜினியரிங் என்ற பத்திரிகையில் டெக்சாஸ்காரரான ஃபிராங்க் ஷெரி ஒரு கடிதம் எழுதினார்: ஒலித்துறைக்கென்றே ஒரு சங்கம் வேண்டும். நியூயார்க்கில் இருந்த சி. ஜே. லெபெல் அதை ஆமோதித்து எழுதினார். நாங்கள் சிலர் ஏற்கெனவே இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், விருப்பமுள்ளவர்கள் தொடர்புகொள்ளுங்கள் என்றார். இதுவரை எல்லாச் சங்கங்களின் கதையும் ஒன்றுதான். வேண்டும் என்பார் ஒருவர், ஆமாம் என்பார் இன்னொருவர், பலதும் அங்கேயே நின்றுவிடும். இங்கே மூன்றாவது ஆளாக நார்மன் பிக்கரிங் வந்தார். கூட்டத்துக்கான தேதியை அச்சில் அறிவித்தார். லெபெல் தற்காலிகத் தலைவர், தான் தற்காலிகச் செயலாளர் என்றும் அதிலேயே சொல்லிவிட்டார். 1948 பிப்ரவரி 17 அன்று ஆர்சிஏ விக்டர் ஸ்டூடியோவில் கூடினார்கள். மூன்று வாரம் தாண்டியதும், மார்ச் 11 அன்று, முதல் உறுப்பினர் கூட்டம் நடந்துவிட்டது. பேச வந்தவர் ஆர்சிஏவின் ஒலியியல் ஆய்வாளர் ஹாரி ஆல்சன்.

தேதி, இடம், பேச்சாளர். ஒலிப்பொறியியல் சங்கம் ஓடுவது இந்த மூன்றில்தான். மற்றதெல்லாம் லெட்டர்பேடு.

எங்கள் சங்கத்தில் அந்த மூன்றும் எங்கே இருந்தன? என் கைபேசியில். அரங்கப் பொறுப்பாளரின் எண் என்னிடம் மட்டும் இருந்தது. பேச்சாளர்களோடு நடந்த பேச்சு முழுக்க என் சொந்த மின்னஞ்சலில். உறுப்பினர்களுக்கு அறிவிப்பு போகிற கணக்கின் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். அதை மாற்ற வேண்டுமானால் குறியீடு போய்ச் சேருகிற எண், எப்போதோ விலகிப்போன முன்னாள் செயலாளருடையது. இதையெல்லாம் நான் மறைத்து வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை, ஐந்து வருடம் ஓடிவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிற உறுப்பினருக்குக் கூட்டம் தானாக நடக்கிற மாதிரி இருந்திருக்கும். தானாக நடக்கிற ஒன்றுக்குச் செயலாளர் எதற்கு? பிடித்துக்கொள்ளக் கைப்பிடியே இல்லாத பதவிக்கு மனு வராதது நியாயம்தான். தலைவர் பதவிக்காவது மேடையில் ஒரு மைக் இருந்தது.

ஹம் கேட்ட மாலை

மனுக்கள் வந்த அடுத்த வாரம் வழக்கமான மாதக் கூட்டம். பேச்சு லவுட்னஸ், அதாவது காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது பற்றி. ஐரோப்பிய ஒளிபரப்புக் கூட்டமைப்பு 2010இல் வெளியிட்ட ஆர்128 பரிந்துரையைப் பேச்சாளர் விளக்கிக்கொண்டிருந்தார்: ஒரு நிகழ்ச்சி முழுவதற்குமான சராசரி ஒலியளவு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ்ஸில் (லவுட்னஸை அளக்கிற அலகு) நிற்க வேண்டும், அதை எப்படி அளப்பது, உச்சத்தை மட்டும் பார்த்த பழைய மீட்டர்கள் ஏன் ஏமாற்றின என்று. லேப்டாப்பிலிருந்து முதல் மாதிரியைப் போட்டார். அதோடு சேர்ந்து ஊம்ம்ம் என்று ஒரு ஹம். மெல்லிய ஒலிகளைப் பற்றிப் பேச வந்தவரின் மெல்லிய ஒலி எல்லாமே அதற்குள் மூழ்கிவிட்டது. ஒலிப்பொறியாளர்கள் நிறைந்த அறையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தேர்தல் வேறு வருகிறது. மூன்று வேட்பாளர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

மூத்தவர் மிக்ஸருக்குப் போய், மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸை வெட்டினார். அடி கொஞ்சம் குறைந்தது. ஆனால் 100, 150 என்று மேலே அடுக்கடுக்காக இருந்த ஸ்வரங்கள் அப்படியே இருந்தன. ஹம் இப்போது ரீங்காரமாகக் கேட்டது. விற்பனைப் பிரதிநிதி, இதற்கென்றே தங்களிடம் ஒரு ஐசொலேட்டர் (இரண்டு கருவிகளின் மின் இணைப்பைப் பிரிக்கிற பெட்டி) இருக்கிறது, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றார். இளைஞர் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார், எதைப் பிடுங்கியபோது என்ன ஆனது என்று யாருக்கும் சொல்லாமல். இதற்குள் பின்வரிசையிலிருந்து வேறொருவர் வந்து, லேப்டாப் சார்ஜரின் எர்த் முனையில் டேப் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா, அதைத் தொடாதீங்க. அது உயிர் காக்கிற கம்பி."

சொன்னவர், நேரடி நிகழ்ச்சிகளில் மானிட்டர் மிக்ஸ் (மேடையில் இருப்பவர்களுக்கே கேட்கிற ஒலி) பார்க்கிற ஒரு பெண். எந்தப் பதவிக்கும் மனு போடாதவர். முன்னால் வந்து முதலில் எல்லாரையும் கையை எடுக்கச் சொன்னார். சார்ஜரைக் கழற்றினார், ஹம் கொஞ்சம் தாழ்ந்தது. மாட்டினார். புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றினார்; ஹம் சுத்தமாக நின்றுவிட்டது. "புரொஜெக்டர் ஒரு பிளக்ல, மிக்ஸர் அந்தக் கோடியில வேற பிளக்ல. எர்த்தும் எர்த்தும் லேப்டாப் வழியா கைகோத்துக்குது" என்றார். கிரவுண்ட் லூப் என்று நாங்கள் வகுப்பெடுக்கிற விஷயம்தான். இரண்டு எர்த்துகளுக்கும் நடுவில் இருக்கிற சிறிய மின்னழுத்த வித்தியாசம் கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியாக மின்னோட்டத்தை ஓட்டும்; அது ஒலிக்குள் நுழையும். சங்கத்துப் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி) இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, அடியில், யாரும் தொடாமல். லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் அதைப் போட்டு, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினார். அது ஆடியோ கேபிளின் ஷீல்டைத்தான் பிரிக்கும். சுவர் பிளக்கின் எர்த்தில் கை வைக்காது. எச்டிஎம்ஐயைத் திரும்ப மாட்டினார். அமைதி. பேச்சாளர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இதுவரை நடந்தது நல்ல டெக்னீஷியன் யாரும் செய்வது. ஷீல்டும் கிரவுண்டிங்கும் பற்றி ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழ் 1995 ஜூனில் தனிச் சிறப்பிதழே போட்டிருக்கிறது. புதிய ரகசியம் ஒன்றும் இல்லை. நான் கவனித்தது அதற்கப்புறம் நடந்ததை. கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது என்னிடம் வந்தார்.

"சார், போன மாசமும் இதே சத்தம்தானே?"

"போன மாசம் மட்டுமா? இந்த அரங்குக்கு வந்ததிலேருந்து இருக்கும்மா."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் எப்படியோ சரிசெய்வார், வீட்டுக்குப் போய்விடுவோம். அடுத்த மாதம் முதலிலிருந்து தொடங்குவோம். அவர் டிஐ பாக்ஸின் மேல் வெள்ளை டேப் ஒட்டி 'மேடை லேப்டாப்புக்கு மட்டும்' என்று எழுதினார். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் இரண்டு வரி: 'புரொஜெக்டர் இடது சுவர் பிளக். லேப்டாப் ஆடியோவுக்கு டிஐ கட்டாயம், லிஃப்ட் ஆன்.' நோட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் போனார்.

தேர்தலைத் தள்ளிவைத்தது

இரண்டு பதவிக்கு ஆளில்லாமல் தேர்தல் நடத்துவதைவிடத் தள்ளிப்போடுவது மேல் என்று பொதுக்குழுவில் வைத்தேன். விதிமுறையில் இடம் இருந்தது, ஒப்புக்கொண்டார்கள். அதோடு ஒரு யோசனையும் சொன்னேன்: தலைவர் பதவி கேட்கும் மூவரும் ஆளுக்கு ஒரு மாதக் கூட்டத்தைத் தேதி குறிப்பதிலிருந்து நாற்காலி அடுக்குவதுவரை நடத்தட்டும். மூன்று கூட்டம் முடிந்து தேர்தல். அரங்கப் பொறுப்பாளரின் எண், அறிவிப்புக் கணக்கு, பேச்சாளர் பட்டியல் எல்லாம் அந்தந்த மாதம் அவரவர் கையில்.

ஒரு உறுப்பினர் எழுந்து ஆட்சேபித்தார். நேரம் இருக்கிறவனுக்குத்தானே இந்தப் பரீட்சை சாதகம்? லைவ் சவுண்ட் பார்க்கிறவனுக்கு மாலைதான் வேலை நேரம், சின்னக் குழந்தை வைத்திருப்பவர் ஒரு மாதம் முழுக்க இதற்கு அலைய முடியுமா என்று கேட்டார். அவர் சொன்னது சரி. அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யாரையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். கடைசியில் அந்த ஒரு வாக்கியம்தான் பரீட்சையாக ஆனது. அதை நான் திட்டமிட்டேன் என்று சொன்னால் பொய்.

முதல் கூட்டம் விற்பனைப் பிரதிநிதியுடையது. அரங்கு நிறைந்தது, நான் தலைவராக இருந்த ஐந்து வருடத்தில் அவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. தலைப்பு லைன் அரே ஸ்பீக்கர்கள். முதல் இருபது நிமிடம் உண்மையிலேயே நல்ல பாடம்: ஸ்பீக்கர்களை ஏன் செங்குத்தாக அடுக்குகிறோம், அடுக்கின் நீளத்துக்கும் தாழ்ந்த அதிர்வெண்களைக் கட்டுப்படுத்துவதற்கும் என்ன தொடர்பு என்றெல்லாம். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் ஒரே நிறுவனத்தின் பெட்டி. கடைசியில் கேள்வி பதில் இல்லை, டெமோ இருந்தது. இது வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது அடுத்த வாரம் வந்தது. கையெழுத்துப் போட்ட உறுப்பினர்களுக்கு விற்பனை அழைப்புகள் வர ஆரம்பித்தன. வருகைப் பதிவேட்டின் நகல் அவருடைய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. கேட்டபோது அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நம்ம ஆட்கள்தானே சார்?" என்றார். கெட்ட எண்ணம் இல்லை. இரண்டு தொப்பியில் எது தலையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. 1948 பிப்ரவரியில் அந்த முதல் கூட்டத்தில் லெபெல் எழுந்து முதலில் அழுத்திச் சொன்னது, இந்தச் சங்கம் வணிகச் சார்பில்லாமல் தனித்து நிற்க வேண்டும் என்பதைத்தான். அதை ஏன் முதல் பேச்சிலேயே சொன்னார் என்று எனக்கு அந்த வாரம் புரிந்தது. கருவி செய்பவர்களும் விற்பவர்களும் இல்லாமல் ஒலிச்சங்கம் இல்லை. அவர்கள்தான் அரங்கு தருகிறார்கள், கருவி தருகிறார்கள், பாதிப் பேச்சாளர்களும் அங்கிருந்துதான். ஆளை வெளியே நிறுத்த முடியாது, பதிவேட்டைத்தான் பூட்ட வேண்டும்.

இரண்டாவது, மூத்தவருடையது. பாட்டுக்குக் கடைசி மெருகு போடுகிற பெரிய மாஸ்டரிங் இன்ஜினியர் ஒருவரை அழைத்திருப்பதாகச் சொன்னார், அறிவித்தோம். அன்று மாலை ஐந்தரைக்குத்தான் தெரிந்தது, அவர் வேறு ஊரில் இருக்கிறார் என்று. போனில் 'பார்த்துக்கலாம்' என்று பேசியதைத் தேதி உறுதி என்று இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. காரிலிருந்து ஒரு பழைய ரீல் மெஷினை இறக்கச் சொன்னார். பிளேடு, மஞ்சள் கிரீஸ் பென்சில், நாடா வெட்டுகிற அலுமினியக் கட்டை. வந்தவர்களைச் சுற்றி நிற்கவைத்து டேப் எடிட்டிங் சொல்லிக்கொடுத்தார். நாடாவை, ஒலியைப் படிக்கிற ஹெட்டுக்கு மேல் கையால் முன்னும் பின்னும் அசைத்து, சொல் தொடங்குகிற இடத்தைக் காதால் பிடிப்பது. அங்கே பென்சில் குறி. கட்டையில் வைத்து 45 டிகிரி சாய்வில் ஒரு வெட்டு. விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிற நாடாவில், பாடகர் மூச்சு இழுக்கிற அரை விநாடி கிட்டத்தட்ட ஒரு சாண். அந்தச் சாணை வெட்டி ஒரு மாணவன் கையில் கொடுத்தார். "இந்தா, அவரோட மூச்சு" என்றார். திரையில் மூச்சை அழித்தே பழகிய அந்தப் பையன் அதைக் கீழே வைக்கவே இல்லை. அந்த நான்கு மாதத்தில் சிறந்த கூட்டம் எது என்று கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். அவரிடம் தேதி குறிக்கிற வேலையைக் கொடுக்கக் கூடாது என்றும் தயங்காமல் சொல்வேன்.

மூன்றாவது இளைஞருடையது. எல்லாம் கச்சிதம். முன்பதிவுப் படிவம், மூன்று நினைவூட்டல், பெயர் அட்டை, பேச்சாளருக்கு எழுத்தில் நேரம், கூட்டம் முடிந்ததும் கருத்துப் படிவம். வாசலில் அவர், கேமரா பக்கம் அவர், கேள்வி கேட்பவருக்கு மைக் எடுத்து ஓடுவதும் அவர். மானிட்டர் பார்க்கிற அந்தப் பெண் அன்று வேறு நிகழ்ச்சியில் இருந்தார், வரவில்லை. ஆனால் இளைஞர் பெட்டியைத் திறந்ததும் நோட்டைப் படித்தார், இடது சுவர் பிளக், டிஐ, லிஃப்ட். ஹம் இல்லாமல் தொடங்கிய முதல் கூட்டம் அதுதான். கைதட்டல் வாங்கியவர் இவர். எழுதி வைத்துவிட்டுப் போனவர் அந்த நேரத்தில் எங்கோ ஒரு மேடையின் ஓரத்தில் இருந்தார்.

கூட்டம் முடிந்த பிறகு பத்து நாள் அந்தப் பையன் போன் எடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். "யார்கிட்டயும் கேட்கத் தோணலை சார். கேட்டு, சொல்லிக்கொடுத்து, அவங்க செஞ்சு முடிக்கிறதுக்குள்ள நானே செஞ்சிடலாம்னு இருந்துச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடமாக நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம்.

நாற்காலியும் பாஸ்வேர்டும்

தேர்தலுக்கு முன் நான்கைந்து உறுப்பினர்கள் அந்தப் பெண்ணைத் தலைவராக நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். நானும் கேட்டேன். அவர் சொன்ன பதில்: "எனக்கு நாற்காலி வேண்டாம் சார். அந்த அறிவிப்புக் கணக்கோட பாஸ்வேர்டு கொடுங்க, போதும்."

அப்படியானால் செயலாளராக இருங்கள் என்றேன். சட்டென்று முகம் மாறியது. "பொண்ணுன்னா மினிட்ஸ் எழுதணும்கிறதுக்காகவா?" நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். நினைக்கவில்லைதான்; ஆனால் அதுவரை நான் பார்த்த இதுபோன்ற குழுக்களில் பெண் உறுப்பினர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று யோசித்தால் பதில் அதுவேதான். அவர் நிபந்தனை வைத்தார். பேச்சாளர் அழைப்புக் கடிதம் செயலாளர் கையெழுத்தில் போக வேண்டும். எந்த மாதம் என்ன தலைப்பு என்பதில் செயலாளருக்கும் ஓட்டு வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதுவது சுற்றில் வர வேண்டும், தலைவர் உட்பட. மூன்றுமே நியாயமாகப் பட்டது. யோசித்தால், 1948இல் பிக்கரிங் செய்த செயலாளர் வேலையும் தேதியை அறிவிக்கிற வேலைதான். பதவியைக் குறிப்பெடுக்கிற வேலையாகச் சுருக்கியது பின்னால் வந்த நாங்கள்.

செயற்குழு கூடி விதிகளில் சில மாற்றங்கள் செய்தது. தலைவர் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. என்னைப் பார்த்துக்கொண்டே இதை நிறைவேற்றினார்கள். சங்கக் கணக்குகளுக்கு எப்போதும் இரண்டு பேரிடம் சாவி. வருகைப் பதிவேடு செயலாளரைத் தாண்டிப் போகாது. நிறுவனச் சார்புள்ள பேச்சாளர் அதை முதல் படத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மனுப் படிவத்தையும் மாற்றினோம். அனுபவத்துக்கு இரண்டு வரி இடம். அதன் கீழே இரண்டு கேள்வி: 'வரும் மூன்று கூட்டங்களில் எந்த வேலையை நீங்கள் செய்வீர்கள்?' 'அதை யாருக்குக் கற்றுக்கொடுப்பீர்கள்?'

புதிய படிவம் போன பிறகு வந்த மனுக்கள் முதல் தடவை மாதிரி இல்லை. விற்பனைப் பிரதிநிதி தலைவர் போட்டியிலிருந்து விலகி, அரங்கும் கருவியும் ஏற்பாடு செய்கிற பொறுப்பைக் கேட்டார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அவருக்கும் அது தெரியும். மூத்தவரும் இளைஞரும் தலைவருக்கு நின்றார்கள். மூத்தவர் கற்றுக்கொடுக்கப்போகும் ஆளின் பெயராக அந்த நாடா மாணவனை எழுதியிருந்தார். இளைஞர் இரண்டாவது கேள்விக்கு முதலில் எதுவும் எழுதாமல் கொடுத்தார்; மறுநாள் திரும்ப வாங்கி, மூன்று பெயர் எழுதிக் கொடுத்தார். துணைத்தலைவருக்கு ஒரு மனு. செயலாளருக்கு, நம்ப முடியவில்லை, இரண்டு பேர்.

தேர்தலில் இளைஞர் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். செயலாளராக அந்தப் பெண். மூத்தவருக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை. ஒரு கூட்டத்துக்கு வரவில்லை. அப்புறம் பட்டறைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார், தேதி மட்டும் செயலாளர் குறிப்பார் என்ற ஒப்பந்தத்தில். மூவரையும் ஆளுக்கு ஒரு கூட்டம் நடத்தவைத்தது நல்ல முறைதானா என்று பிறகு பலர் கேட்டார்கள். திரும்பச் செய்வேனா என்றால், அப்படியே செய்யமாட்டேன். ஒரு மாதம் ஒருவர் தலையில் போட்டது தவறு. இரண்டிரண்டு பேராக நடத்தச் சொல்லியிருக்க வேண்டும். பொதுக்குழுவில் ஆட்சேபித்தவர் சொன்னதற்கு அது பாதிப் பதிலாகவாவது இருந்திருக்கும். எந்தக் கூட்டத்தையும் தலைமையேற்று நடத்தாத ஒருவர்தான் எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தார் என்பதும் அந்த முறைக்கு எதிரான சாட்சிதான்.

பொருளாளருக்கு மட்டும் இரண்டாம் தடவையும் மனு வரவில்லை. அதில் ஒலி இல்லை, மேடை இல்லை, தப்பு நடந்தால் கேள்வி மட்டும் உண்டு. ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்தால் வாங்குகிறார்கள், வங்கிப் படிவத்தைக் காட்டினால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். கணக்குக்கு இரண்டு பேரிடம் சாவி என்ற விதியில் ஒரு சாவி இப்போது செயலாளரிடம் இருக்கிறது. இன்னொன்று தற்காலிகமாக என்னிடம். போன மாதக் கூட்டத்தில் புதிய தலைவர் அந்த 'தற்காலிகமாக' என்ற சொல்லைக் கூட்டக் குறிப்பில் எழுதி, அடிக்கோடிட்டு, எந்தத் தேதிவரை என்று என்னைக் கேட்டார்.